இருபத்தெட்டு நாள் அவகாசம்

செப்டெம்பர் 2, செவ்வாய்

காலை 10.40. தபாலில் கடிதம். தோட்டத் துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் அலொட்மென்ற் சங்கத்திடமிருந்து, மனைவி தவமலரின் பெயருக்கு. பிரித்தேன். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளின் கடிதத்தை நான் பிரிக்காமல் வேறு யார் பிரிப்பது?

விஷயம் இதுதான். அவள் பெயரில் இருக்கும் 31ஆம் இலக்கத் தோட்டத் துண்டு கவனிப்பாரற்றுக் கிடக்கிறதாம். களை பக்கத்துத் துண்டுகளுக்கும் பரவுகிறதாம். செப்டெம்பர் 29 பார்வையிட வருவார்கள். அன்றைக்கு முக்கால் பங்கு நிலமாவது பயிரோடு இருக்காவிட்டால் துண்டைப் பறித்து, காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் ஆறு வருடம் நின்றுதான் தவமலர் இதை எடுத்தாள்.

பத்தொன்பது வருடம் லண்டன் தெருக்களில் பிழையாக நிறுத்தின கார்களுக்குத் தண்டச்சீட்டு ஒட்டியவன் நான். மழை பார்த்ததில்லை, பனி பார்த்ததில்லை. ஒருத்தன் என் தலையில் கோப்பி ஊற்றியிருக்கிறான். இப்போது என் வீட்டுக்கே நோட்டீஸ்.

தவமலர் ஓகஸ்ட் 2ஆம் திகதியிலிருந்து லெஸ்டரில், மகள் ஆரணி வீட்டில். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பேரனுக்கு மூன்று வயது, பகல் முழுக்க நேர்சரியில் இருக்கிறான். சரி, அதை விடுவோம்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியவரக் கூடாது. அவள் இந்த ஊருக்குத் திரும்பி வருவதற்கு அந்தத் துண்டு ஒன்றுதான் காரணமாக மிஞ்சியிருக்கிறது. வீடும் இருக்கிறதுதான். ஆனால் வீட்டைப் பற்றி அவள் ஒரு நாளும் அந்த மாதிரிப் பேசியதில்லை.

செப்டெம்பர் 3, புதன்

காலை 9.15க்குத் தோட்டத்துப் படலை வாசலில் நின்றேன். இலக்கப் பூட்டு. அவள் பிறந்த நாளைப் போட்டேன், திறக்கவில்லை. கல்யாண நாள், இல்லை. என் பிறந்த நாளையும் போட்டுப் பார்த்தேன். அதற்கு நானே சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து திறந்துவிட்டார். பெயர் பொலின். எழுபது வயதிருக்கும். சங்கத்தின் செயலாளர் அவர்தான், பக்கத்துத் துண்டும் அவருடையதுதான். “ஓ, மலருடைய கணவர் நீங்கள்தானா?” என்றார். அந்த “தானா”வில் நிறைய இருந்தது.

துண்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தேன். டென்னிஸ் மைதானத்தில் பாதி அளவு. இடுப்புயரப் புல். வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு கொடி எல்லாவற்றையும் சுற்றிக் கழுத்தை நெரித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் எங்கேயோ போஞ்சியும் பூசணியும் இருக்கின்றனவாம். மூலையில் பொலித்தீன் கூடாரம். அதற்குள் நான் போகவில்லை.

தினமும் என்ன செய்தீர்கள் என்று திகதி போட்டு எழுதி வையுங்கள், கமிட்டி கேட்டால் காட்டலாம் என்றார் பொலின். இதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? திகதி, நேரம், இடம் இல்லாத குறிப்பு எந்த வழக்கிலும் நிற்காது. ஆகவே எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். தேவையானவர்கள் ஆள் வைத்துப் படிக்கட்டும்.

செப்டெம்பர் 4, வியாழன்

காலை 9 முதல் 11.30 வரை களை பிடுங்கினேன். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

செப்டெம்பர் 6, சனி

அந்தக் கொடியைப் பிடுங்கினால் மேலே உள்ளது கையோடு வருகிறது, வேர் உள்ளேயே இருந்துகொள்கிறது. வியாழக்கிழமை துப்புரவாக்கிய இடத்தில் இன்றைக்கு விரல் நீளத்துக்குப் புதுத் தளிர். என்னைப் பார்த்துப் பல்லிளிப்பதுபோல இருந்தது. வேரை விடாமல் தோண்டி எடுக்க வேண்டும், ஒரு துண்டு மிஞ்சினாலும் அது இன்னொரு கொடி என்கிறார் பொலின். அப்படியானால் இந்த நிலத்தை முழுவதுமாகச் சல்லடையில் அரிக்க வேண்டும். தவமலர் பதினொரு வருடம் இதைச் செய்தாளா? “புல்லுப் பிடுங்கப் போறாள்” என்று அவளைப் பற்றி நான் ஆட்களுக்குச் சொல்லுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள் என்றுதான் நினைவு.

பகல் ஒரு மணிக்குப் பசி. சாப்பாடு கொண்டுபோக மறந்துவிட்டேன். பொலின் ஒரு சான்ட்விச் தந்தார். வெள்ளரிக்காய். ருசி ஒன்றுமில்லை. முழுவதையும் தின்றேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

தோட்டத்திலிருந்து வந்த கையோடு, இரவுச் சாப்பாட்டுக்கு முதல் ஆரணிக்குப் போன் எடுத்தேன்.

“அம்மாட்டக் குடு பிள்ளை.”

“அம்மா குளிக்கிறா அப்பா.”

“நேற்றும் குளிக்கிறா எண்டனீ.”

“ஆக்கள் தினமும் குளிக்கிறவையள் அப்பா.”

“எப்ப வாறாவாம்?”

“அதை நீங்கள் அவவிட்டக் கேளுங்கோ.”

“எப்பிடிக் கேக்கிறது? எந்த நேரமும் குளிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறா!”

ஆரணி சிரிக்கவில்லை. “நீங்கள் என்ன செய்யிறியள்? மூச்சு வாங்குது?” என்று கேட்டாள். மாடிப்படி ஏறினேன் என்றேன். தோட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் கடிதத்தையும் சொல்ல வேண்டி வரும்.

செப்டெம்பர் 12, வெள்ளி

போஞ்சி ஆய்ந்தேன். இரண்டு பை நிறைய. எல்லாம் முற்றல். தேங்காய்ப்பூப் போட்டு வறை வைக்கப் போய்ப் பார்த்தால் நார் நாராக வந்தது. ஓகஸ்டில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆய்ந்திருந்தால் இப்போதும் பிஞ்சு வந்துகொண்டிருக்குமாம். ஆயாமல் விட்டால், இனிக் காய்க்கத் தேவையில்லை என்று செடி நினைத்துவிடுமாம். பொலின் சொன்னது. செடிக்குக்கூட இவ்வளவு ரோசம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

உருளைக்கிழங்கு கிண்டினேன். முள்ளுக் கரண்டியைப் பெரிதாக்கினதுபோல ஒரு ஆயுதம் இருக்கிறது, அதால்தான் கிண்டுவது. குத்துகிற இடத்தில் எல்லாம் கிழங்கு. ஒன்று விடாமல் நடுவில் துளை. செடியை விட்டு ஒரு அடி தள்ளிக் குத்த வேண்டும் என்பதைக் கடைசிச் செடியில்தான் கண்டுபிடித்தேன். துளை விழுந்தது இருக்காது, அழுகிவிடும் என்பதால் மூன்று நாளைக்குக் காலை, மதியம், இரவு உருளைக்கிழங்குதான் சாப்பிடப் போகிறேன்.

நிலத்தில் அரைவாசிதான் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் பதினைந்து நாள். இடுப்பு இரண்டாகிவிட்டது. இந்த வயதில், அதுவும் எனக்கு, இது தேவையா? இன்றைக்கு இரண்டு தரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படலை வரைக்கும் போனேன். இரண்டு தரமும் திரும்பி வந்தேன். கோபமாகத்தான் வந்தேன்.

வெறும் நிலத்தில் வெந்தயம் விதைக்கலாம், கொத்தி விதைத்தது தெரிந்தால் அதையும் பயிரிட்டதாகக் கணக்கெடுப்போம் என்றார் பொலின். வெந்தயம் எங்கள் குசினியில் ஒரு போத்தல் நிறைய இருக்கிறது.

செப்டெம்பர் 15, திங்கள்

வெந்தயம் விதைத்தேன். பிறகு மழை. வீட்டில் இருந்தேன். உருளைக்கிழங்கு.

செப்டெம்பர் 17, புதன்

இன்றைக்கு வேறு வழியில்லாமல் பொலித்தீன் கூடாரத்துக்குள் போனேன். அதுவும் துண்டில் சேர்த்திதான், அதையும் பார்ப்பார்கள்.

மிளகாய்ச் செடி இருபத்திநாலு, நின்ற நிலையிலேயே காய்ந்து குச்சியாக நின்றன. பயிற்றங்கொடி தொட்டதும் பொடியானது. கத்தரி எதுவென்றே அடையாளம் தெரியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்தேன். கடைசி மூலையில் ஒரே ஒரு புடலங்கொடி மட்டும் பச்சையாக நிற்கிறது. அடி மண்ணும் ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் கூடாரம் எங்கேயாவது கிழிந்து மழை இறங்கியிருக்கும். ஒரு நீளக் காய் தொங்குகிறது. நெளியாமல் வளர நுனியில் கல் கட்டியிருக்கிறாள்.

கமிட்டி கேட்டால் இந்தச் செடிகள் ஏன் செத்தன என்று எழுத வேண்டி வரும். எழுதுகிறேன். ஜூலையில் தவமலருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஒரு கிழமை நடக்க முடியாது. கூடாரத்துச் செடிகளுக்குக் காலையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. வெயில் கடுமை.

ஆள் இருந்தது. என்னிடம்தான் சொன்னாள். ஆறு நாள். ஒவ்வொரு நாள் காலையும் வீட்டை விட்டுப் புறப்பட்டேன். சினேகிதன் வீட்டுக்குப் போய்க் கிரிக்கெட் பார்த்தேன். வந்து “ஊத்தியாச்சு” என்றேன். முதல் நாள் மறதி. இரண்டாம் நாள் சோம்பல். மூன்றாம் நாளிலிருந்து, இனிப் போய் என்ன பிரயோசனம் என்ற எண்ணம். ஐந்தாம் நாள் கால்சட்டை விளிம்பைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தேன். “பாவம், நனைஞ்சிட்டியள்” என்று துவாய் எடுத்துத் தந்தாள். நொண்டி நொண்டிப் போய் எடுத்து வந்தாள்.

ஏழாம் நாள் அவளே தடியூன்றிக்கொண்டு பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனாள். திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், முடிந்திருக்கும். கொஞ்ச நாளில் பையை அடுக்கினாள்.

மிளகாய்ச் செடிக்காக யாரும் வீட்டை விட்டுப் போவார்களா என்று ஒன்றரை மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தைக் கமிட்டிக்குக் காட்டமாட்டேன்.

செப்டெம்பர் 20, சனி

நல்ல வெயில். வெந்தயம் முளைத்துவிட்டது! நான் விதைத்து ஒன்று முளைத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. குனிந்து குனிந்து பார்த்ததில் அரை மணித்தியாலம் போய்விட்டது.

அந்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் அறுவடை செய்தேன். பூசணி நான்கு. மிச்சக் கிழங்கு. தக்காளி கொஞ்சம், பாதி பச்சை. கீரை ஒரு கட்டு. புடலங்காய் அடியில் செம்மஞ்சளாகத் திரும்பியிருந்தது. இனியும் விட்டால் வீணாகிவிடும் என்று அதையும் ஆய்ந்தேன். காம்புக்குப் பக்கத்தில் நீலச் சீலைக்கரைத் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. பாரம் தாங்கக் கட்டியிருப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் அழகாகப் பரப்பினேன். 4.05க்குப் படம் எடுத்துத் தவமலருக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. பார்க்கட்டும்.

பார்த்தாள். 5.50க்குப் போன் வந்தது. ஏழு கிழமைக்குப் பிறகு அவளுடைய குரல்.

“இஞ்சருங்கோ, அந்தப் புடலங்காயை ஆர் ஆய்ஞ்சது?”

“நான்தான். எல்லாம் நான்தான். பூசணியைப் பாத்தனீரோ?”

“பூசணியை விடுங்கோ. சீலைத்துண்டு கட்டியிருந்தது கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“கண்டனான். பாரத்துக்குக் கட்டினதாக்கும் எண்டு...”

“விதைக்கு விட்ட காய்க்குத்தான் சீலைத்துண்டு கட்டுறது! ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு. அரிவரிப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும்? கார் நம்பர் தெரியும்.”

ஏச்சு வாங்கிக்கொண்டு நான் கதிரையில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் ஏசினால் நல்லது என்றிருந்தது.

“காய் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

காய் ஐந்து மணிக்கே வெட்டியாகிவிட்டது. உள்ளே இருந்த சிவப்புச் சளியையும் விதையையும் வழித்து, வெளியில் நிற்கும் கழிவு வாளியில் கொட்டிவிட்டேன். “மேசையில இருக்கு, காய வைக்கிறன்” என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு சுகமாக வந்தது.

“வெட்டிட்டன். விதையைக் குப்பைக்குள்ள போட்டிட்டன்” என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

விடிந்ததும் கழிவு வாளியை முற்றத்தில் கவிழ்த்தேன். மீன் தலை, தேயிலைச் சக்கை, உருளைக்கிழங்குத் தோல். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் கிளறினேன். பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால் பார்த்தார். பார்க்கட்டும்.

கழுவிக் காகிதத்தில் பரப்பி வைத்தேன். மண்ணிறத்தில் கெட்டியானது ஒன்பது. வெள்ளையாக மெத்தென்று இருப்பது பதினேழு. வெள்ளை முளைக்காது என்பது எனக்கே தெரிந்தது. தவமலருக்கு எழுதி அனுப்பினேன்: “கெட்டி ஒன்பதுதான். மற்றது சரிவராது.”

பார்த்த அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

செப்டெம்பர் 22, திங்கள்

புடலங்கொடி வெறுமையாக நிற்பதைப் பார்த்துப் பொலின் இரண்டு கையையும் தலையில் வைத்தார். ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றி வந்தது அவராம். கிழிசலும் இல்லை, மழையும் இல்லை.

“மலர் போன் பண்ணிக் கேட்டார். அந்த ஒரு கொடியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விதை வந்தால் போதும், லெஸ்டருக்கு அனுப்பிவையுங்கள் என்றார்.”

“மற்றதைப் பற்றி?”

பொலின் தன் சப்பாத்தைப் பார்த்தார். மற்றதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் வரைக்கும் கொத்தினேன். ஏன் கொத்துகிறேன் என்று தெரியாமல் கொத்தினேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

விதையைக் கடித உறையில் போட்டு லெஸ்டருக்கு அனுப்பினேன். கூடாரம் கூட்டித் துடைத்தேன். நடைபாதைப் புல் வெட்டினேன். அந்த வெள்ளைப் பூக்கொடி வேலியோரம் திரும்பவும் தலை காட்டுகிறது. அதைப் பார்த்துத் தூஷணத்தில் ஏசினேன். பொலினுக்குத் தமிழ் தெரியாதது நல்லது.

செப்டெம்பர் 29, திங்கள்

காலை 10.00. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அளவு நாடாவோடு. இழுத்து இழுத்து அளந்தார். எனக்கு அந்த ஆளைப் பிடித்தது. வெந்தயப் பாத்தியைக் காட்டி இது களையா பயிரா என்று கேட்டார். ஒரு இலையைக் கிள்ளி அவர் கையில் கொடுத்து முகரச் சொன்னேன். “இந்தியச் சாப்பாட்டுக் கடை வாசம்” என்றார். பயிர் என்று எழுதிக்கொண்டார்.

10.35. துண்டு தப்பியது. நோட்டீஸ் ரத்து. பொலின் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் விறைத்துப்போய் நின்றேன்.

பின்னேரம் தவமலருக்குப் போன் எடுத்தேன். அவளே எடுத்தாள். விதை வந்து சேர்ந்ததாம். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வந்தது, நான் பிரித்தது, மறைத்தது, இருபத்தெட்டு நாள், அளவு நாடா, எல்லாம். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தக் கடிதம் எனக்கும் ஈமெயிலில வந்தது” என்றாள்.

“எப்ப?”

“ஒண்டாந் திகதியே.”

“ஏன் பதில் போடேல்லை?”

“போகட்டும் எண்டுதான்.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “போகட்டுமோ? அப்ப நான் ஏன் இஞ்ச கிடந்து இடுப்பு முறிஞ்சனான்?”

“அதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

சொன்னேன்.

“அந்த ஆறு நாளில ஒரு நாளும் நான் தோட்டத்துக்குப் போகேல்லை. ஊத்தினனான் எண்டது பொய். கால்சட்டை நனைஞ்சதும் பொய்.”

“எனக்குத் தெரியும்.”

“உமக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும். நான் இன்னும் வாயால சொல்லேல்லை. அதுதான் சொல்லுறன். பிழை என்ரதான்.”

அழுகிறாளா என்று போனைக் காதில் அழுத்திக் கேட்டேன். தெரியவில்லை. பின்னால் பேரன் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

“உள்ளிப்பூண்டு நடவேணும்,” என்றாள் கடைசியில். “கூடாரத்துக்கு இந்தப் பக்கம் நீளப் பாத்தி ஒண்டு இருக்கெல்லே. ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்துங்கோ. கொடி வேர் ஒண்டும் இருக்கக்கூடாது.”

“நடுறதுக்கு நீர் வருவீரோ?”

“முதல் கொத்துங்கோ. கொத்திப்போட்டுப் போன் எடுங்கோ.”

செப்டெம்பர் 30, செவ்வாய்

காலை 8.45 முதல். பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் பாதிதான் கொத்த முடிந்தது.

மாலை 6.00. தவமலருக்குப் போன் எடுத்தேன். பாதி என்றே சொன்னேன்.